கடன் மறைவதும் கடன் தீர்வதும்



கடந்த ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து எல்லோரும் புறப்பட்ட பின்பும் ஒரு சகோதரர் கடைசி இருக்கையில் தனியே அமர்ந்திருந்தார். அவருடைய அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். அவர் யாரென்று தேட வேண்டாம். வீடு கட்டுவதற்காக வங்கியில் கடன் கேட்டிருந்தார். மனு நிராகரிக்கப்பட்டுவிட்டது. காரணம், ஆறு ஆண்டுகளுக்கு முன் அவர் வைத்திருந்த கிரெடிட் கார்டு. வேலை இழந்த காலத்தில் அந்தப் பாக்கி 62,000 ரூபாயாக வளர்ந்திருந்தது. வசூலுக்கு வந்தவர்கள் 35,000 ரூபாய் கட்டினால் போதும் என்றார்கள். நகையை அடகு வைத்துக் கட்டினார். அத்தோடு முடிந்தது என்று நினைத்தார். இப்போது அவருடைய சிபில் அறிக்கையில் அந்தக் கணக்கின் எதிரே "செட்டில்டு" என்ற ஒரு சொல் நிற்கிறது.

"போதகர் ஐயா, இந்தக் குறி மறைந்துபோகும்படி ஜெபியுங்கள்" என்றார்.

அவர் தலைமேல் கையை வைத்த நான், வாயைத் திறக்க முடியாமல் நின்றேன். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக இத்தகைய ஜெபங்களை நான் ஏறெடுத்திருக்கிறேன். கடன் பாரம் ஒரே இரவில் நீங்கட்டும் என்றும், கடன் கொடுத்தவரின் மனம் மாறட்டும் என்றும் உரத்த குரலில் ஜெபித்திருக்கிறேன். மக்கள் ஆமென் சொல்லி, ஆறுதலோடு வீட்டுக்குச் சென்றிருக்கிறார்கள். அவர்களில் எத்தனை பேர் மறுநாள் கடன் கொடுத்தவரிடம் போய்ப் பேசினார்கள் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. கடன் மறைய வேண்டும் என்று ஜெபிப்பது வேறு, கடனைத் தீர்க்கப் பெலன் வேண்டும் என்று ஜெபிப்பது வேறு. முன்னதை நாம் பழகிக்கொண்டோம், பின்னதை மறந்துவிட்டோம். இந்த வாரம் நான் சொல்ல விரும்புவது இது ஒன்றுதான்.

இராஜாக்களின் இரண்டாம் புத்தகம் நான்காம் அதிகாரத்தில் வரும் விதவையை நாம் அனைவரும் அறிவோம். கணவன் தேவபயமுள்ளவன், ஆனாலும் கடன் வைத்துவிட்டு மரித்தான். கடன் கொடுத்தவன் அவளுடைய இரண்டு பிள்ளைகளையும் அடிமைகளாகக் கொண்டுபோக வந்து நின்றான். எலிசா அங்கே என்ன செய்தார் என்பதைக் கவனியுங்கள். அந்தக் கடன் பொய்யென்று அவர் சொல்லவில்லை. கடன்காரனைச் சபிக்கவும் இல்லை. வீட்டில் என்ன இருக்கிறது என்றே முதலில் கேட்டார். ஒரு குடம் எண்ணெய் பெருகியது. பெருகிய பின்பு அவர் இட்ட கட்டளையில் ஒரு வரிசை இருக்கிறது. முதலில் எண்ணெயை விற்க வேண்டும், அடுத்து கடனைத் தீர்க்க வேண்டும், அதன்பின் மீந்ததைக் கொண்டு அவளும் பிள்ளைகளும் ஜீவிக்க வேண்டும். அற்புதம் கடனை அழிக்கவில்லை. கடனை அடைக்க வழி கொடுத்தது. அந்தப் பெண் கடன்காரனின் வாசலுக்குப் போய்ப் பணத்தை எண்ணிக் கொடுத்தாக வேண்டியிருந்தது.

நம்மில் பலர் அந்த வாசலுக்குப் போகப் பயப்படுகிறோம். வங்கியிலிருந்து வரும் கடிதத்தைப் பிரிக்காமலே அலமாரியில் வைக்கிறோம். அறியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் எடுப்பதில்லை. அந்தப் பயத்தைப் போக்கும் முதல் மருந்து, உண்மையைக் கண்ணால் பார்ப்பது. ஆகவே அந்த அறிக்கை என்னவென்று கொஞ்சம் விளக்குகிறேன்.

நம் நாட்டில் ரிசர்வ் வங்கியின் அனுமதி பெற்ற கடன் தகவல் நிறுவனங்கள் நான்கு உள்ளன: டிரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க். 2005ஆம் ஆண்டின் சட்டத்தின்கீழ் இவை இயங்குகின்றன. நாம் வாங்கிய கடன், கட்டிய தவணை, தாமதித்த நாட்கள் ஆகியவற்றை வங்கிகளும் நிதி நிறுவனங்களும் இவற்றுக்குத் தெரிவிக்கின்றன. அதிலிருந்து 300 முதல் 900 வரையிலான ஒரு மதிப்பெண் கணக்கிடப்படுகிறது. அந்த மதிப்பெண்ணைவிடக் கணக்கின் எதிரே நிற்கும் சொல்லைக் கவனியுங்கள். "குளோஸ்டு" என்றால் கடன் முடிந்தது. "செட்டில்டு" என்றால், கடன் கொடுத்தவர் குறைந்த தொகையைப் பெற்றுக்கொண்டு மீதியை விட்டுவிட்டார். "ரிட்டன் ஆஃப்" என்றால் வங்கி தன் கணக்கேட்டில் அதை நஷ்டமாக எழுதிக்கொண்டது என்று பொருள். நமக்குக் கடன் தள்ளுபடியாகிவிட்டது என்று பொருளல்ல. இந்த மூன்றையும் ஒன்றென எண்ணி ஏமாந்தவர்கள் நம் சபையில் பலர்.

இந்த நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை நமக்கு இலவசமாகத் தர வேண்டும். 2017 முதல் இது நம் உரிமை. ஆண்டுக்கு ஒருமுறையாவது அதை எடுத்துப் பாருங்கள். குறிப்பாக, மைத்துனனுக்காகவோ நண்பனுக்காகவோ ஜாமீன் கையெழுத்துப் போட்டவர்கள் பாருங்கள். அவர் கட்டத் தவறினால் அந்தக் கறை உங்கள் அறிக்கையிலும் படியும். பிறருடைய கடனுக்குப் பிணைப்பட்டவனைக் குறித்து நீதிமொழிகள் ஆறாம் அதிகாரம் ஏன் அவ்வளவு அவசரமாக எச்சரிக்கிறது என்பது அப்போது விளங்கும்.

அறிக்கையில் பொய்யானது இருந்தால் சும்மா இருக்காதீர்கள். நீங்கள் வாங்காத கடன், என்றோ அடைத்தும் நிலுவை என்று காட்டும் கணக்கு, பெயர் ஒற்றுமையால் நேர்ந்த குழப்பம் ஆகியவை உண்டு. அந்த நிறுவனத்திடமும் கடன் கொடுத்தவரிடமும் எழுத்துமூலம் முறையிடுங்கள். 30 நாட்களுக்குள் தீர்வு காண வேண்டும். தாமதித்தால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023இல் ஆணையிட்டது. அதன்பின்பும் நீதி கிடைக்காவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். தவறான பதிவைப் பொறுத்துக்கொள்வது தாழ்மை என்று சிலர் நினைக்கிறார்கள். அயலானுக்கு விரோதமாகப் பொய்ச்சாட்சி சொல்லலாகாது என்ற கட்டளை, நம்மைக் குறித்த பொய்ச்சாட்சியைத் திருத்தவும் நமக்கு உரிமை தருகிறது.

ஆனால் அறிக்கையில் இருப்பது உண்மையாக இருந்தால்? இங்கேதான் நம் விசுவாசம் சோதிக்கப்படுகிறது. கட்டணம் வாங்கிக்கொண்டு கெட்ட பதிவை அழித்துத் தருவதாகச் சொல்லும் முகவர்கள் எங்கும் இருக்கிறார்கள். உண்மையான பதிவைப் பணத்தால் அழிக்க ஒருவராலும் முடியாது. அவர்களிடம் கொடுக்கும் தொகையைக் கடன் கொடுத்தவரிடமே கொடுங்கள்.

வேறு சிலர் சட்டத்தைச் சுட்டிக்காட்டுகிறார்கள். பிணையில்லாத கடனுக்காக வழக்குத் தொடரப் பொதுவாக 3 ஆண்டுகளே காலவரம்பு. அது கடந்துவிட்டது, இனி யாரும் என்னைக் கேட்க முடியாது என்கிறார்கள். காலவரம்பு சட்டம் 1963 முதல் இருப்பது உண்மை. அது நீதிமன்றத்தின் வாசலை மூடுகிறது, கடனை இல்லாததாக்குவதில்லை. கடன் தகவல்களைக் குறைந்தது 7 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பது விதி. ஆகவே வழக்குக்குக் காலம் கடந்த பின்பும் அறிக்கையில் அது நிற்கக்கூடும். உடன்படிக்கைக் கடிதம் எதிலும் கையெழுத்திடும் முன்போ பழைய கடனில் ஒரு பகுதியைக் கட்டும் முன்போ வழக்கறிஞர் ஒருவரைக் கேளுங்கள், அது ஞானம். ஆனால் திருப்பிக் கொடுக்க வல்லமை இருந்தும் நாட்காட்டியின் பின்னால் ஒளிந்துகொள்வது ஞானமல்ல. கடன் வாங்கிச் செலுத்தாமற்போகிறவனை முப்பத்தேழாம் சங்கீதம் எந்தக் கூட்டத்தோடு சேர்க்கிறது என்பதை வாசித்துப் பாருங்கள். சகேயுவை எந்த நீதிமன்றமும் கட்டாயப்படுத்தவில்லை. இயேசு அவன் வீட்டுக்கு வந்தார், அவ்வளவுதான். அவன் தானாக எழுந்து நின்று நாலத்தனையாகத் திருப்பிக் கொடுக்க முன்வந்தான்.

கொடுக்க வழியே இல்லாதவர்களுக்கும் ஒரு வார்த்தை. வியாதியும் வேலையிழப்பும் விவாகரத்தும் எந்தக் குடும்பத்தையும் கடனில் தள்ளும். கடனைத் திருப்பிக் கட்ட இயலாமை தன்னளவில் குற்றமல்ல, அது உரிமையியல் விவகாரம். காசோலை திரும்பி வந்தாலோ ஏமாற்றும் நோக்கம் இருந்தாலோதான் நிலைமை மாறும். காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் வசூல் முகவர்கள் கடனாளியை அழைக்கக் கூடாது. மிரட்டவோ அவமானப்படுத்தவோ கூடாது. நம் சகோதரிகள் குழுக்களில் வாங்கும் நுண்கடனுக்கு அந்த நேரம் இன்னும் குறுகியது: காலை 9 முதல் மாலை 6 வரை. இவை 2022இல் ரிசர்வ் வங்கி வகுத்த விதிகள். இவற்றை வாசித்தபோது எனக்கு உபாகமம் இருபத்துநான்காம் அதிகாரம் நினைவுக்கு வந்தது. அடகுப் பொருளை வாங்க வருகிறவன் வீட்டுக்குள் நுழையாமல் வெளியே நிற்க வேண்டும் என்று மோசே அங்கே கட்டளையிட்டார். கடனாளிக்கும் ஒரு வாசல்படி உண்டு, அதை ஒருவனும் மிதிக்கக் கூடாது என்பதைத் தேவன் அன்றைக்கே வைத்துவிட்டார்.

அறிக்கையில் கறை படிந்தவர்களுக்கு வங்கியின் கதவு அடைபடும்போது அவர்கள் கந்துவட்டிக்காரரின் வாசலுக்குப் போகிறார்கள். கந்துவட்டியைத் தடைசெய்யும் சட்டம் தமிழ்நாட்டில் 2003 முதல் இருக்கிறது. இருந்தும் 2017 அக்டோபரில் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலக வளாகத்தில், சிறு பிள்ளைகள் இருவரோடு ஒரு குடும்பம் தீயில் மாண்டதை நாம் மறக்கவில்லை. அன்று நாமெல்லோரும் கண்ணீர் விட்டோம். ஆனால் அப்படிப்பட்ட ஒரு குடும்பம் நம் சபையில் இருந்தால், அவர்கள் வாய் திறந்து சொல்லும் இடமாக நம் சபை இருக்கிறதா? அந்தக் கேள்வி என்னை இன்றும் வாதிக்கிறது. கடனால் நெருக்கப்பட்டு ஜீவனே வேண்டாம் என்ற எண்ணம் யாருக்காவது வந்தால், இரவு எந்நேரமானாலும் என் கதவைத் தட்டுங்கள். எந்தக் கடனும் உங்கள் உயிருக்குச் சமமல்ல.

சபையாகிய நமக்கும் இதில் பங்கு உண்டு. ஞானஸ்நான விருந்தும் திருமண மண்டபமும் புதுவீட்டுப் பிரதிஷ்டையும் அயலாரின் அளவுகோலில் நடக்க வேண்டும் என்ற நெருக்கத்தை நாமே உண்டாக்குகிறோம். கடன் வாங்கி மகளுக்கு நகை போட்டவரை மெச்சுகிறோம். அதே கடனை அடைக்க முடியாமல் தவிக்கும்போது அவரைக் குறித்துத் திண்ணையில் பேசுகிறோம். வங்கி ஒரு மனிதருக்கு மதிப்பெண் இடுவது அதன் தொழில். அந்த மதிப்பெண்ணைச் சபைக்குள் கொண்டுவர நமக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சில ஊழியர்களுக்கு இது பிடிக்காது. தவணை தவறிய நிலையில் இருக்கிற ஒருவர் கட்டட நிதிக்கும் விசேஷக் காணிக்கைக்கும் கடன் வாங்கிப் பொருத்தனை செய்வதை நான் ஆதரிக்கவில்லை. பெற்றோருக்குச் சேர வேண்டியதைக் கொர்பான் என்று சொல்லித் தேவாலயத்துக்குக் கொடுத்தவர்களை ஆண்டவர் கண்டித்தார். கடன் கொடுத்தவருக்குச் சேர வேண்டியதைக் காணிக்கைப் பையில் போடுவதும் அதற்குத் தூரமானதல்ல. நீங்கள் கட்டிய தவணை ரசீதைக் கண்டு நான் சந்தோஷப்படுவேன். காணிக்கைப் பட்டியலில் உங்கள் பெயர் இல்லாததைக் குறித்து ஒரு கேள்வியும் கேட்க மாட்டேன்.

விதவையின் கதையில் அண்டை வீட்டாருக்கும் ஒரு பணி இருந்தது. அவர்கள் அவளுடைய கடனை அடைக்கவில்லை, அறிவுரையும் சொல்லவில்லை. வெறும் பாத்திரங்களைக் கொடுத்தார்கள். அவள் கதவைப் பூட்டிக்கொண்டபோது உள்ளே எட்டிப் பார்க்கவும் இல்லை. நம் சபையிலும் அப்படிப்பட்ட உதவி வேண்டும். வங்கியில் பணிபுரிந்து ஓய்வுபெற்ற இருவர் மாதத்தின் முதல் சனிக்கிழமை மாலை ஆலய அலுவலகத்தில் அமர இசைந்திருக்கிறார்கள். அறிக்கையை வாசித்து விளக்குவார்கள், கடிதம் எழுத உதவுவார்கள், கேட்டதை வெளியே சொல்ல மாட்டார்கள். பணம் கொடுக்கவோ ஜாமீன் நிற்கவோ மாட்டார்கள். வெறும் பாத்திரங்கள்தான், எண்ணெயைக் கர்த்தர் ஊற்றுவார்.

"தேவன் என் பாவக்கடனையே மன்னித்துவிட்டாரே, இந்த வங்கிக் கடன் எம்மாத்திரம்?" என்று கேட்பவர்களுக்கும் பதில் சொல்ல வேண்டும். நமக்கு விரோதமாயிருந்த கடன் பத்திரத்தைக் கிறிஸ்து சிலுவையில் ஆணியடித்து நீக்கினார் என்று பவுல் கொலோசெயருக்கு எழுதினார். அந்தக் கணக்கில் தேவன் பாதியை வாங்கிக்கொண்டு மீதியை விட்டுவிடவில்லை. முழு விலையும் செலுத்தப்பட்டது. நம் பெயருக்கு எதிரே அங்கே "செட்டில்டு" என்று எழுதப்படவில்லை, "குளோஸ்டு" என்றே எழுதப்பட்டது. ஆனால் அதே பவுல், ஓடிப்போன ஒநேசிமுவைப் பிலேமோனிடம் திருப்பி அனுப்பியபோது, அவன் பட்ட கடனை மறந்துவிடும்படி கேட்கவில்லை. அதைத் தன் கணக்கில் வைத்துக்கொள்ளும்படியும், தானே செலுத்துவதாகவும் தன் கையாலேயே எழுதிக் கொடுத்தார். கிருபையை முழுதும் அறிந்த மனிதர் கணக்கை அலட்சியப்படுத்தவில்லை. மன்னிப்பு நம்மைக் கடன் கொடுத்தவரிடமிருந்து ஒளிந்துகொள்ள வைப்பதில்லை. வெட்கமின்றி அவர் முன்பாகப் போய் நிற்கத் தைரியம் கொடுக்கிறது.

அந்தச் சகோதரரின் தலைமேல் வைத்த கையை எடுக்காமலே, அன்று வேறொரு ஜெபத்தைச் செய்தேன். திங்கட்கிழமை வங்கிக்குப் போக அவருக்குத் தைரியம் தாரும் என்று மட்டும் கேட்டேன். அவர் போனார். விட்டுவிட்ட மீதி 27,000 ரூபாயைக் கட்டினால் கணக்கை முழுமையாக முடித்து, அதைத் தகவல் நிறுவனங்களுக்கும் தெரிவிப்பதாக வங்கி எழுத்தில் கொடுத்தது. ஒன்பது மாதம் சேர்த்துக் கட்டினார். பாக்கி இல்லை என்ற சான்றைக் கேட்டு வாங்கினார். இப்போது அந்தக் கணக்கின் எதிரே "குளோஸ்டு" என்று இருக்கிறது. பழைய தாமதங்களின் தடம் இன்னும் அழியவில்லை; வீட்டுக் கடனும் இன்னும் கிடைக்கவில்லை. அதையும் மறைக்காமல் சொல்கிறேன், ஏனெனில் சாட்சி என்பது நல்ல முடிவை மட்டும் சொல்வதல்ல.

கடந்த வாரம் அவரோடு பேசிக்கொண்டிருந்தபோது அவருடைய தொலைபேசி ஒலித்தது. அறியாத எண். தயங்காமல் எடுத்து, தன் பெயரைச் சொல்லிப் பேசினார். முன்பெல்லாம் மணியடித்தாலே நெஞ்சு அடைக்கும் ஐயா என்றார்.

ஆகவே பிரியமானவர்களே, இந்த வாரம் பிரிக்காமல் வைத்திருக்கும் அந்த ஒரு கடிதத்தைப் பிரியுங்கள். ஜெபித்துவிட்டுப் பிரியுங்கள். அதில் பொய்யிருந்தால் எதிர்த்து எழுதுங்கள். உண்மையிருந்தால் சிறுகச் சிறுகத் தீர்க்கத் தொடங்குங்கள். முடியாவிட்டால் வாருங்கள், சேர்ந்து யோசிப்போம்.

அன்பின் பரம பிதாவே, எங்கள் கடன்களைக் கண்டு ஒளிந்துகொள்ளாத நேர்மையை எங்களுக்குத் தாரும். கொடுக்க வேண்டியவர்களுக்குக் கொடுக்கும் வழியைக் காட்டும். விழுந்தவர்களை எண்களால் அளக்காத கண்களை உமது சபைக்குத் தாரும். இயேசுவின் நாமத்தில் கேட்கிறோம், ஆமென்.

கர்த்தர் தாமே உங்கள் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக.